முன்னொட்டிலிருந்து மரபுரிமத்திற்கு: பொருள்நோக்கு நிரலாக்கக் கலைச்சொற்கள் சிலவற்றின் வரலாறு

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைச் சொற்கள், ஒரே கொள்கையிலிருந்து ஒருசேரப் பிறந்தவை போலத் தமிழ்ப் பாடநூல்களில் அறிமுகமாகின்றன. இனக்குழு, பொருள், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்பன வரையறைகளாக அடுத்தடுத்து நிற்கின்றன. உண்மையில் இவற்றின் மூலச்சொற்கள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு சிக்கல்களுக்கு விடையாகத் தோன்றியவை. அவற்றுள் ‘கிளாஸ்’, ‘இன்ஹெரிட்டன்ஸ்’ ஆகிய இரண்டையும் இக்கட்டுரை முதன்மையாக ஆராய்கிறது.

ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் 1960களின் முற்பகுதியில் சிமுலா மொழியை உருவாக்கினர். வரிசைகள், போக்குவரத்து முதலிய நடப்புலக நிகழ்வுகளைக் கணினியில் பாவித்துக் காட்டுவதே அதன் நோக்கம். முதல் சிமுலாவில் ‘கிளாஸ்’ என்னும் சொல் இல்லை. ‘ஆக்டிவிட்டி’, ‘பிராசஸ்’ என்பனவே இருந்தன. டோனி ஹோர் பதிவேடுகளைக் கையாள்வது குறித்து முன்வைத்த ‘ரெக்கார்டு கிளாஸ்’ என்னும் கருத்திலிருந்தே அச்சொல் சிமுலா 67க்கு வந்தது. ஹோரின் கருத்தில் அது ஒத்த பதிவேடுகளின் தொகுதி. சிமுலாவிலோ அது பொருள்களை உண்டாக்கும் அறிவிப்பு. ஒரு பொருளும் உண்டாக்கப்படாத நிலையிலும் அது நிரலில் இருக்கும். ‘இனக்குழு’ என்னும் தமிழாக்கம் ஹோரின் பொருளுக்கு நெருங்கியும் சிமுலாவின் பொருளுக்கு விலகியும் நிற்கிறது. சமூகவியல் வழக்கில் அச்சொல் வேறொன்றைக் குறிப்பது தனிச் சிக்கல்.

இன்று ‘மரபுரிமம்’ எனப்படுவதன் தோற்றம் இன்னும் வியப்பிற்குரியது. பாலத்துச் சுங்கச் சாவடியில் சரக்குந்துகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் சேர்வதற்கான பண்பு இரண்டிற்கும் தேவை. அதை ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே எழுதுவது வீண். டாலும் நைகார்டும் கண்ட தீர்வு, பொதுவான வகுப்பின் பெயரைப் புதிய வகுப்பின் அறிவிப்பிற்கு முன்னால் எழுதுவது. ‘லிங்க்’ முன்வர ‘வெஹிகிள்’ அமையும். ‘வெஹிகிள்’ முன்வரப் பேருந்தும் சரக்குந்தும் அமையும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரிஃபிக்ஸ்’, அதாவது முன்னொட்டு. அதன் செயல் இரு அறிவிப்புகளை ஒன்றாக இணைத்தல். தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இவ்விளக்கம் உடனே புலப்படும். சொத்துரிமை உவமையில் தந்தையின் உடைமை மகனைச் சென்றடைகிறது. நிரலிலோ மூலவகுப்பு எதையும் இழப்பதில்லை. ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்னும் பிற்காலச் சொல் செயலை மறைத்து உறவை முன்னிறுத்தியது என்றே கருத வேண்டியுள்ளது.

சிமுலாவை அறிந்திருந்த ஆலன் கே, அமெரிக்காவில் சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியை வகுத்தார். ‘மெசேஜ்’, ‘மெத்தட்’ ஆகியவை அங்கு அடிப்படைச் சொற்களாயின. 1972ஆம் ஆண்டு ஸ்மால்டாக்கில் துணைவகுப்பு வசதி இல்லை. 1976ஆம் ஆண்டு வடிவிலேயே அது இடம்பெற்றது. ‘ஆப்ஜெக்ட்’ என்னும் சொல்லைப் பரப்பியதற்காகக் கே பின்னாளில் வருந்தினார். செய்திப் பரிமாற்றமே தலையாய கருத்து என்பதும் அச்சொல் கவனத்தைத் திசைதிருப்பியது என்பதும் அவர் நிலைப்பாடு.

மூன்றாவது கிளை பெல் ஆய்வகத்தில் தோன்றியது. கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979இல் சி மொழியுடன் வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். துணைவகுப்பில் மூலவகுப்பைவிட மிகுதியான உறுப்புகள் இருக்கையில் அதைத் ‘துணை’ எனல் குழப்பம் தரும் எனக் கருதி, ‘பேஸ்’, ‘டிரைவ்டு’ என்னும் இணையைத் தேர்ந்தார். ‘மெத்தட்’ என்பதற்கு மாறாக ‘மெம்பர் ஃபங்ஷன்’ என்றார்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலின் ‘அடிப்படை இனக்குழு’, ‘தருவிக்கப்பட்ட இனக்குழு’ ஆகியவை இம்மூன்றாம் கிளையின் நேர் பெயர்ப்புகள். அப்பாடம் சி++ மொழியைக் கற்பித்ததால் அது இயல்பே. ஆயின் அவை துறை முழுமைக்கும் உரிய பொதுச்சொற்களாக அகராதிகளில் ஏறும்போது, ‘மெத்தட்’ என்றும் ‘சூப்பர்’ என்றும் ஸ்மால்டாக் மரபுச் சொற்களை ஆளும் ஜாவாவைத் தமிழில் விளக்குவோர் இடர்ப்படுகின்றனர். கலைச்சொல் அகராதிப் பதிவுகளில் மூலமொழியையும் ஆண்டையும் குறித்தால் இவ்விடர் பெரிதும் குறையும். சிமுலாவுக்கு ‘முன்னொட்டு வகுப்பு’ என்றே பதியலாம்.