ஒரு படை, இரு தொழில்

அல்சூர் ஏரிக்கரையில் உலவுவோர் மதராஸ் சாப்பர்ஸ் படையினரைக் காணாதிருத்தல் அரிது. 1780இல் தோன்றிய அப்படையும், 1809இல் இங்கு அமைந்த கண்டோன்மென்ட்டும் நம் முன்னோர் பலரை இவ்வூருக்கு அழைத்து வந்தன. ஆதலின் படையின் கதை நமக்கு அயலார் கதையன்று.

வள்ளுவர் படைக்கென இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அவற்றில் பெரிதும் பேசப்படுவது எதிர்நின்று பொருதும் பகையே. மக்களிடையே மறைந்து தாக்குவோரை அடக்கி ஊரில் அமைதி நிறுத்துவதோ வேறு தொழில். இவ்விரண்டையும் ஒரே படை ஒருங்கே கற்றுத் தேர முடியுமா?

1986 இறுதியிலும் 1987 தொடக்கத்திலும், செங்கற்பட்டில் பிறந்த தளபதி சுந்தர்ஜி இராசத்தான் பாலையில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்னும் மாபெரும் பயிற்சியை நடத்தினார். டாங்கிகள் விரைந்து பாயும் பெரும்போருக்கான ஒத்திகை அது. அவ்வாண்டே சூலை 29இல் இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் போரில் இறங்கியது. வேலிகளுக்கும் கண்ணிவெடிகளுக்கும் இடையே பாலைவனப் பயிற்சி என் செய்யும்? போராளி யார், குடிமகன் யார் என்று பிரித்தறியாத அப்போரில், யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் சுடப்பட்டு மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்புமுன் இந்திய வீரர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர். அவருள் தமிழகத்து மைந்தரும் உளர். அழுத வீடுகள் கடலின் இருகரையிலும் இருந்தன.

எம்போன்ற எழுத்தர்க்கு இது எளிதில் விளங்கும். ஒருவனுக்கே இரண்டு மேசைகளைக் கொடுத்தால் இரண்டிலும் கோப்பு தேங்கும்!

அரசும் இதனை உணர்ந்தது போலும். 1990இல் கிளர்ச்சி ஒடுக்கும் பணிக்கெனவே ராஷ்டிரீய ரைபிள்ஸ் அமைக்கப்பட்டது. ஆயினும் அதற்குத் தனி ஆள்சேர்ப்பு இல்லை. காலாட்படையினரும் பிற பிரிவினரும் சில ஆண்டுகள் அதில் பணியாற்றித் தத்தம் படைக்கு மீள்வர். வழக்கமான படையணிகளும் அப்பணியினின்று முற்றும் விடுபடவில்லை. 1999இல் கார்கில் போர் மூண்டபோது, காசுமீரப் பள்ளத்தாக்கில் கிளர்ச்சி ஒடுக்கலில் இருந்த எட்டாம் மலைப்படைப் பிரிவையே அவசரமாகத் திராசு முகட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. தேடுதல் வேட்டையில் பழகிய வீரர், பீரங்கித் துணையோடு செங்குத்துச் சிகரம் ஏறிப் பொருதும் முறைக்குச் சில நாட்களிலே மாற வேண்டியிருந்தது. வென்றார்கள், விலையோ சிறிதன்று.

2020இல் கல்வானில் சீனருடன் மோதல் நேர்ந்தபின் கதை தலைகீழாயிற்று. ஜம்முப் பகுதியில் கிளர்ச்சி ஒடுக்கிய ராஷ்டிரீய ரைபிள்ஸ் பிரிவொன்று கிழக்கு லடாக் எல்லைக்கு மாற்றப்பட்டது. 2021 முதல் பூஞ்சு, இரசௌரிக் காடுகளில் பதுங்கித் தாக்குதல்கள் மீண்டும் தலைதூக்கின.