கூரைக்கு வெளியே நிற்பவள்

2005ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அடிதடி, பலவந்தமாகப் பொருள் பறித்தல், அச்சுறுத்தல் ஆகியன மட்டுமல்ல, இழிவும் கொடுமையும் மிக்க நடத்தையால் மனத்தை வதைப்பதும் வன்முறையே என அது ஒப்புக்கொண்டது. அது வீட்டுக்குள் நடந்ததா வெளியே நடந்ததா என்பது பொருட்டல்ல. உறவின் காரணமாக விளைந்ததா என்பதே கேள்வி. பாதிக்கப்பட்டவள் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை. முழுக் கட்டளை 12 மாதம் வரை. நல்ல சட்டந்தான்.

ஆனால், யார் செய்தால் அது வீட்டு வன்முறை? கணவன், முன்னாட் கணவன், சேர்ந்து வாழும் துணை. பிறகு தந்தை, தாய், உடன்பிறந்தார், பெற்றோரின் உடன்பிறந்தார், அவர்தம் பிள்ளைகள். ஒன்றுவிட்ட சகோதரன் வரை நீண்ட இந்தப் பட்டியலிலே, ஒரே கூரையின்கீழ் வாழாத காதலன் இல்லை!

சட்டம் பிறந்தபோது வன்னி இரண்டுபட்டிருந்தது. வவுனியா நகரில் அரசின் நீதிமன்று. கிளிநொச்சியிலோ விடுதலைப் புலிகளின் நீதிமன்றும் அவர்களுடைய சட்டக்கோவைகளும். 2009இல் போர் முடிந்து, மக்கள் முகாம்களிலிருந்து மீண்ட பின்னரே கொழும்பின் சட்டம் அம்மண்ணில் நடைமுறைக்கு வந்தது. போரின் இறுதியாண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி அவசரமாகச் செய்யப்பட்ட, பதிவில்லாத மணங்கள் பல. அவற்றில் அல்லலுற்ற பெண்ணுக்குச் 'சேர்ந்து வாழும் துணை' என்ற சொற்றொடர் ஒரு பற்றுக்கோடு. ஆனால் முல்லைத்தீவில் தாய் வீட்டிலிருந்து காதலித்தவள், உறவை முறித்ததும் வழிமறிக்கப்பட்டால்? அடித்த பின்னர் அவனைத் தண்டனைச் சட்டக்கோவை தண்டிக்கலாம். அவளை நெருங்காதே என்று முன்கூட்டித் தடுக்கும் கட்டளையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குத் தரவில்லை. "அவனோடு உனக்கு என்ன பழக்கம்?" என்று ஊர் கேட்கும் கேள்வியையே சட்டமும் கேட்டதாக நமக்குப் படுகிறது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிலைமை பெரிதும் வேறல்ல. இந்தியச் சட்டம், அதுவும் 2005இல் இயற்றப்பட்டது, 'திருமணத்தின் இயல்பையொத்த உறவு' என்றது. கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது. உலகறியக் கணவன் மனைவிபோல் கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் மணம் புரியத் தகுதியுடையோராயும் இருக்க வேண்டும். வார இறுதிகளைச் சேர்ந்து கழித்தது போதாது.

இவ்விரண்டுக்கும் ஏழாண்டு முன்னரே, 1998இல், தென்னாபிரிக்கா தன் சட்டத்தில் நிச்சயதார்த்த உறவையும் காதலுறவையும் சேர்த்து எழுதிவிட்டது. அவ்வுறவு எத்தனை நாள் நீடித்தது என்று அச்சட்டம் கேட்பதில்லை.