கணக்குக்காகத் தமிழ் படித்த ஊர்

ஒரு காலத்தில் மலாக்காவில் பிள்ளைக்குக் கணக்கு வர வேண்டுமென்றால் தமிழ் படிக்க வைத்தார்கள். இதை எழுதி வைத்தவர் 1796ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கேயே மணமுடித்துத் தங்கியவரின் வழிவந்தவர் அவர். 1843இல் எழுதி முடித்த ‘ஹிக்காயாத் அப்துல்லா’ என்னும் தன் வரலாற்றில், தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதையும், இரண்டரை ஆண்டுகள் படித்ததையும் சொல்கிறார். நல்ல குடும்பத்தினரும் செல்வந்தரும் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது ஊர் வழக்கம் என்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் மனக்கணக்கும் கணக்குவழக்கும் பேச்சுப் பழக்கமும் வர வேண்டும் என்பதே. அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் அந்த வணிகர்களின் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

தமிழ்க் கணக்கில் அப்படி என்ன இருந்தது? நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்தார்கள். அதில் முழு எண்களின் வாய்பாட்டோடு பின்னங்களின் வாய்பாடும் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒன்றைப் பதினாறு பங்கு வரை பிரித்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்ததால் எழுதிப் பார்க்காமலே வாயால் கூட்ட முடிந்தது.

இந்த ஊர் நிறுவைக்கு அது நன்றாகப் பொருந்தியது. ஒரு காத்திக்குப் பதினாறு தாயில். ஒரு காத்தி 80 காசு என்றால் ஐந்து தாயில் எவ்வளவு? ஐந்து தாயில் என்பது காலும் மாகாணியும். காலுக்கு 20 காசு, மாகாணிக்கு 5 காசு, ஆக 25 காசு. மாகாணி வாய்பாடு தெரிந்த பையன் தராசு நிற்கும் முன்பே விலையைச் சொல்லிவிடுவான். ஸக்காத்தும் அப்படியே. நாற்பதில் ஒரு பங்கு என்பதற்குத் தமிழில் ‘அரைமா’ என்று ஒரே சொல் இருக்கிறது.

1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக வளர்த்த முன்னோடி அவர். ரப்பரைத் தொடர்ந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை. படிப்பறிவுள்ள கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னதும் உண்டு. பால் நிறுத்த இராத்தலும் செக்ரோலில் விழுந்த நாட்களும்தான் அங்கே கூலியை முடிவு செய்தன. வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் அப்பாவின் சம்பளத்தைச் சரிபார்க்க முடியும். நகரத்தில் கடைக்குப் பயன்பட்ட கணக்கு தோட்டத்தில் கூலிக்குக் காவலாக இருந்தது.

பின்பு நிலைமை மாறியது. 1972ஆம் ஆண்டு எடை, அளவுச் சட்டத்தோடு கிலோ வந்தது. காத்தி போனதும் மாகாணிக்குக் கடையில் வேலை இல்லாமல் போயிற்று. 1983இல் நாடு முழுவதும் வந்த கேபிஎஸ்ஆர் பாடத்திட்டம் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் அடிப்படையாக வைத்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது. தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது: தமிழில் கணக்குப் படித்தால் பிள்ளை பிழைக்குமா?

அப்துல்லாவின் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. சந்தையில் தமிழ் நடமாடியதால் கணக்கும் தமிழில் நடந்தது. வியாபாரிகளான நாம் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, நம் கடைக்கு வந்து கல்லாவில் வேறு மொழியில் மட்டுமே எண்களைக் கேட்டால், தமிழ் எண் தேர்வுத் தாளோடு முடிந்துவிடும். மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் அரசுக்கும் உண்டு. எண்ணைப் புழக்கத்தில் வைத்திருப்பது நம் கையில்தான் உள்ளது.

ஐம்பதாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நாம் இதற்குப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. விடுமுறையில் கடைக்கு வரும் பிள்ளையிடம் கல்குலேட்டரைக் கொடுக்குமுன் மீதிப் பணத்தை வாயால் சொல்லச் சொல்லலாம். மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் மனக்கணக்குக்கு ஒதுக்கலாம். ஸக்காத் கணக்குப் போடும்போது பிள்ளைகளையும் அருகில் உட்கார வைத்து, அரைமா என்றால் என்ன என்று கேட்கலாம். ஊரார் எல்லாம் தேடி வந்து படித்த கணக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.