அடக்கவிலையும் கப்பற் கட்டணமும்: சுதேசிக் கப்பல் கம்பெனியை ரொறன்ரோவிலிருந்து மீளநோக்கல்

1906ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணத்தில் அடம் பெக்கின் தலைமையில் நீர்மின் ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், பெருமுதல் முடங்கும் தொழிலில் விலையை எதனைக்கொண்டு வகுப்பது என்னும் வினா இரண்டின் முன்னும் நின்றது.

கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களே ஓடின. எதிரியின் நெருக்குதலால் அவை கைவிட்டுப் போகவே, 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. கப்பல் நிறைந்து சென்றாலும் வெறிதே சென்றாலும் நிலக்கரி, மாலுமியர் ஊதியம், துறைமுகக் கட்டணம் ஆகியன பெரிதும் மாறா. இறுதியில் ஏறும் ஒரு பயணியால் கூடும் செலவு மிகச் சிறிது. ஆகவே, இடம் வெறுமையாயிருக்கையில் கட்டணத்தை எவ்வளவு தாழ்த்தினும் அப்பயணத்தளவில் ஆதாயமாகவே தோன்றும். கப்பல் வாங்கிய முதலும் தேய்மானமும் அதனுள் அடங்கா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பின்னர் எதிரி இலவசப் பயணத்தோடு குடையும் அளிக்க முன்வந்தது என்பர். குடைக்கதையை நாம் விரும்பிச் சொல்கிறோம். அதனினும் கருதத்தக்கது, எதிரிக்குப் பல கடல்வழிகள் இருந்தமை. ஒரு வழியின் நட்டத்தை ஏனையவை தாங்கின. சுதேசிக் கம்பெனிக்குத் தூத்துக்குடி–கொழும்பு வழியே வாழ்வு.

ஒன்ராறியோவில் வரிசை தலைகீழானது. 1908இல் நகராட்சிகள் மின்சாரம் பெற ஒப்பந்தமிட்ட பின்னரே கம்பிப்பாதை எழுந்தது. விலை அடக்கவிலையே, ஆண்டிறுதியில் மெய்ச்செலவைக் கணக்கிட்டு, மிகுதியை வரவு வைத்தனர், குறையை வசூலித்தனர். ‘பதின்மூன்றாவது பட்டியல்’ என்று அதனை வழங்கினர்.

வ.உ.சி.யின் கணக்குப் பிழைத்தது என்று இதனைக்கொண்டு கூறுவது நேர்மையன்று. பெக்கின் விலைக்கொள்கைக்குச் சட்டம் துணைநின்றது, வ.உ.சி.யையோ 1908 மார்ச்சில் அரசு கைதுசெய்தது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அவ்வாண்டே நயாகரா மின்சாரம் ஆணையத்தின் கம்பிவழி ரொறன்ரோ வந்துசேர்ந்தது.