நீருள் குகைப் பரந்தகாட்சி ஒளிப்படவியல்

நீருள் குகைப் பரந்தகாட்சி ஒளிப்படவியல் என்பது, நீர் நிரம்பிய குகையின் உட்புறத்தை ஓரிடத்தில் இருந்து எல்லாத் திசைகளிலும் தெரியும்படி படம்பிடிக்கும் முறையாகும். கிடையாக 360 பாகையும் நிலைக்குத்தாக 180 பாகையும் அடங்கிய காட்சி முழுக்கோளக் காட்சி எனப்படும். பல வில்லைகளின் வழியே எடுத்த படங்களைக் கணினியில் இணைத்து இக்காட்சி உருவாக்கப்படுகிறது.

சாதாரண ஒளிப்படத்தில் விளக்குகளையும் அவற்றைப் பிடித்திருப்பவரையும் சட்டகத்துக்கு வெளியே வைக்கலாம். முழுக்கோளக் காட்சியில் அவ்வாறு மறைக்க இடமில்லை. குகையின் உட்பகுதியிலோ கதிரவன் ஒளி சிறிதும் இல்லை. வேண்டிய ஒளி முழுவதையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். எனவே கருவியைப் பொருத்தும் முறையையும் ஒளியமைப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டியுள்ளது.

நீரின் ஒளியியல்

பிரான்சைச் சேர்ந்த உயிரியலாளர் லூயி பூட்டான் 1893 இல் பனியுல்சு கடற்கரையில் நீருள் ஒளிப்படங்கள் எடுத்தார். அவர் எதிர்கொண்ட ஒளியியல் சிக்கல்கள் குகைக்கும் பொருந்தும்.

நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 ஆகும். இதனால், வில்லை எவ்வளவு அகன்றதாக இருந்தாலும், தட்டையான கண்ணாடிச் சாளரத்தின் வழியே நீரில் ஏறத்தாழ 97 பாகைக்கு மேல் காண இயலாது. ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் ஒவ்வொரு கருவியைப் பொருத்தினால், மூலைகளையும் உள்ளடக்க ஒவ்வொன்றும் மூலைவிட்டமாக ஏறத்தாழ 109 பாகை காண வேண்டும். ஆகவே தட்டைச் சாளரங்களைக் கொண்டு முழுக்கோளத்தை இந்த முறையில் நிரப்ப முடியாது. தரையில் நன்கு இயங்கும் இரு வில்லைக் கருவியும், தட்டைச் சாளரம் கொண்ட உறைக்குள் இட்டால், நீரில் படங்கள் ஒன்றுடன் ஒன்று பொருந்தாமல் இடைவெளி விடுவது இதனாலேயே.

இதற்குத் தீர்வு குவிமாடச் சாளரம் ஆகும். குவிமாடத்தின் மையமும் வில்லையின் நுழைதுளையும் ஒரே புள்ளியில் அமைந்தால், கதிர்கள் திசைமாறாமல் உள்ளே வருகின்றன. ஆனால் குவிமாடம் தானே ஒரு வில்லையாகவும் செயற்படுகிறது. தொலைவில் உள்ள பொருளின் மாயபிம்பம் குவிமாடத்தின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவிலேயே தோன்றும். எனவே, சிறிய குவிமாடம் பயன்படுத்தினால், வில்லை மிக அருகில் குவியக்கூடியதாக இருக்க வேண்டும்.

கருவி அமைப்பு

ஒரே கருவியைச் சுழற்றி எடுப்பது ஒரு முறை. இதில் கருவி நுழைதுளையை மையமாகக் கொண்டு சுழல வேண்டும். இல்லையேல் அருகில் உள்ள பாறைகள் படத்துக்குப் படம் இடம் மாறித் தோன்றும். நீரில் மிதப்பவரால் இவ்வாறு அசையாமல் நிற்க இயலாது. முக்காலியை ஊன்றினால் வண்டல் கலங்கும். ஆகையால் எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் பதியும் பல வில்லை அமைப்பே பெரிதும் ஏற்றது.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

* கருவித்தொகுதி மூழ்காமலும் மேலெழாமலும் நடுநிலை மிதப்பில் இருக்க வேண்டும். மென்மையான மிதவைகள் ஆழத்தில் அமுங்கி மிதப்பை இழப்பதால், அமுங்காத மிதவைகள் தேவை.
* விளக்குகளைத் தாங்கும் கைகள், ஒடுக்கமான வழிகளில் மடக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.
* வழிகாட்டிக் கயிற்றில் சிக்கக்கூடிய கம்பியோ வாரோ வெளியே தொங்கக் கூடாது.
* எல்லா வில்லைகளுக்கும் ஒளியளவும் வெண்சமநிலையும் ஒன்றாகவே நிலைநிறுத்தப்பட வேண்டும். தானியங்கி முறையில் விட்டால் இணைப்புகள் பட்டைகளாகத் தெரியும்.

ஒளியமைப்பு

நீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சுகிறது. விளக்கில் இருந்து சுவருக்கும், சுவரில் இருந்து கருவிக்கும் என இரு வழிகளிலும் ஒளி குறைவதால், பெரிய அறைகளில் தொலைவில் உள்ள சுவர்கள் நீலநிறமாகி மறைந்துவிடும்.

விளக்கு வில்லைக்கு மிக அருகில் இருந்தால், நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்பிப் படத்தில் வெண்புள்ளிகளாகப் பதியும். விலக்கி வைத்தால் விளக்கே படத்தில் விழும். இரு வில்லைக் கருவிகளில், வில்லைகளின் தளங்களுக்கு இடைப்பட்ட குறுகிய மறைபகுதியில் விளக்குகளை வெளிநோக்கிப் பொருத்துவது வழக்கம். கருவியை நீண்ட கோலின் முனையில் ஏந்தினால் ஏந்துபவர் காட்சியின் அடிப்பகுதியில் மட்டும் தோன்றுவார். அப்பகுதியைப் பின்னர் திருத்தலாம்.

கருவியில் பொருத்திய விளக்குகள் மட்டும் இருந்தால் சுவர்கள் மேடுபள்ளம் இன்றித் தட்டையாகத் தெரியும். இதனால் துணை முக்குளிப்போர் பாறைத்தூண்களின் பின் மறைந்தோ, தொலைவில் வெளிப்படையாக நின்றோ ஒளி பாய்ச்சுகின்றனர். பின்னிருந்து வரும் ஒளியே ஆழத்தையும் அளவையும் காட்டுகிறது. தொலைவில் வைத்த பிளாஷ் விளக்குகளை வானொலி அலைகளால் இயக்க இயலாது. நீர் அவற்றை விழுங்கிவிடும். ஒளியுணரிகளே அவற்றை இயக்குகின்றன. நிகழ்படத்துக்குத் தொடர்ந்து எரியும் எல்.ஈ.டி. விளக்குகள் பயன்படுகின்றன.

பாதுகாப்பு

குகையில் நேராக மேலெழ முடியாது. வந்த வழியே திரும்ப வேண்டும். அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் செக் எக்சிலி, விபத்துகளை ஆராய்ந்து 1979 இல் வெளியிட்ட நூலில், வெளிநீர் வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு, காற்றில் மூன்றில் இரு பங்கைத் திரும்புவதற்கு ஒதுக்குதல், ஆழ வரம்பு ஆகியவற்றை வலியுறுத்தினார். முறையான பயிற்சியும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று விளக்குகளும் பின்னர் இவற்றுடன் சேர்க்கப்பட்டன.

படப்பிடிப்பு விளக்குகளை இந்த மூன்றில் ஒன்றாகக் கணக்கிடுவதில்லை. படம்பிடிப்பவரின் கவனம் கருவியில் இருப்பதால், காற்றளவையும் கயிற்றையும் கண்காணிக்கும் பொறுப்பு வேறொருவருக்கும் தரப்படுகிறது. துடுப்பின் ஓர் உதைப்பில் எழும் வண்டல் படத்தைக் கெடுப்பதோடு வெளியேறும் வழியையும் மறைத்துவிடும். வெளிவிடும் மூச்சுக்குமிழிகளும் கூரையில் இருந்து துகள்களை உதிர்க்கின்றன. மறுசுவாசக் கருவி குமிழிகளைப் பெருமளவு குறைக்கிறது.

பயன்பாடு

மெக்சிக்கோவின் குயின்டானா ரூ மாநிலத்தில் உள்ள ஓயோ நீக்ரோ என்னும் நீருள் பெருங்குழியை, 2007 இல் அல்பேர்ட்டோ நாவா, அலெகாந்திரோ ஆல்வாரெசு, பிராங்கோ அட்டோலினி ஆகியோர் கண்டறிந்தனர். 40 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 12,000 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இளம்பெண்ணின் எலும்புக்கூடும், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளும் அங்கு கிடந்தன. நையா எனப் பெயரிடப்பட்ட அப்பெண்ணைப் பற்றிய ஆய்வு 2014 இல் 'சயன்சு' இதழில் வெளியானது.

இத்தகைய இடங்களில் எலும்பை அகற்றுமுன் அது கிடந்த நிலையைப் பதிவது இன்றியமையாதது. பரந்தகாட்சிப் படம், குகை முக்குளிப்புப் பயிற்சி இல்லாத ஆய்வாளரும் அவ்விடத்தைச் சுற்றிப் பார்க்க உதவுகிறது. ஆனால் ஒரு புள்ளியில் இருந்து எடுத்த காட்சியால் அளவுகளைக் கணிக்க முடியாது. அதற்குக் கருவியை நகர்த்திப் பல இடங்களில் இருந்து எடுக்கும் ஒளிப்பட அளவையியல் தேவை.

யுகட்டான் குகைகளின் சுண்ணக்கல் விழுதுகள், பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்து குகைகள் உலர்ந்திருந்தபோது உருவானவை. நீருக்குள் அவை மீண்டும் வளர்வதில்லை. விளக்குக் கையொன்று மோதி உடையும் விழுதை மீட்க வழியில்லை என்பதால், கருவித்தொகுதி சிறியதாக இருப்பது குகையின் பாதுகாப்புக்கும் தேவையாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* குகை முக்குளிப்பு
* நீருள் ஒளிப்படவியல்
* ஒளிப்பட அளவையியல்
* ஒளிவிலகல்