புரோட்டான் நிற்கும் இடம்

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்காலில் பாயும் கிணற்றுநீரில் ஒரு பங்கை வழியிலுள்ள மண்ணே குடித்துவிடும். சொட்டுநீர்க் குழாயோ நீரை வேரடியில் சேர்க்கும். புற்றுநோய்க்குத் தரும் கதிர்களிலும் ஏறக்குறைய இத்தகைய வேறுபாடு உண்டு. எக்ஸ் கதிர் வழிநெடுக ஆற்றலை இறைத்து, கட்டியையும் கடந்து மறுபுறம் வெளியேறும். ஹைட்ரஜன் அணுவின் உட்கருவாகிய புரோட்டான் அப்படியன்று. வழியில் சிறிது ஆற்றலை விடும். வேகம் குறையக் குறைய மிகுதியாக விட்டு, குறித்த ஆழத்தில் நின்றுவிடும்.

துகள்களின் இப்பண்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்தபோது கண்டவர் வில்லியம் ஹென்றி பிராக். அதை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் எழுதியவர், அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய ராபர்ட் வில்சன்! 1954-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் கதிர் தரப்பட்டது.

அதே 1954-இல்தான் சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் பிறந்தது. சில ஆண்டுகளில் அங்கே கோபால்ட் எந்திரமும் வந்தது. ஆனால் சென்னைக்குப் புரோட்டான் வர 2019 ஆயிற்று. ஏன் இத்தனை தாமதம்? உடலின் ஆழத்தை எட்டச் சுமார் 23 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும்; அதற்குத் துகள்முடுக்கியும், கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் பெரும் எஃகுச் சட்டமும், தடித்த கான்கிரீட் சுவர்களும் தேவை. அமெரிக்காவிலேயே 1990-இல்தான், லோமா லிண்டாவில், மருத்துவமனைக்குள் இது இடம்பெற்றது.

சென்னையில் இதை நிறுவியது அப்போலோ என்ற தனியார் மருத்துவமனை. நவி மும்பையின் கார்கரில், அணுசக்தித் துறையின் கீழுள்ள டாட்டா நினைவு மையம் 2023-இல் சிகிச்சையைத் தொடங்கியது. நாட்டின் பொது மருத்துவத்திற்கு இந்த இரண்டாவதே பெரிய செய்தி என்பேன்.

எல்லாப் புற்றுக்கும் புரோட்டான் வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ் கதிரே போதும். அதை மாவட்டந்தோறும் தருவதே முதல் வேலை. குழந்தைகளின் கதை வேறு. சிறுமூளையில் தோன்றும் ஒருவகைக் கட்டிக்கு முதுகுத்தண்டு முழுவதும் கதிர் தரவேண்டும். எக்ஸ் கதிரானால் முன்பக்கத்திலுள்ள இதயம், குடல் வழியே வெளியேறும். புரோட்டான் முதுகெலும்போடு நிற்கும். அக்குழந்தை இன்னும் அறுபது ஆண்டுகள் வாழ வேண்டியவள் அல்லவா?

ஒருநாள் சிகிச்சையில் கற்றை பாயும் நேரம் சில நிமிடங்களே. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம் தொடரவேண்டும். அன்னூரிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். கார்கர் அதைவிட இரு மடங்கிற்கும் மேல். அத்தனை நாளும் தாயோ தந்தையோ தோட்டத்தையும் கூலியையும் விட்டு உடன் தங்கவேண்டும்.