வானிலிருந்து தெரியாத நிபந்தனை

நிலத்தை இனி வானிலிருந்து அளப்பார்கள். ஒன்றிய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம், கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் கொண்டு படமெடுத்துச் சொத்து அட்டை வழங்குகிறது. தமிழ்நாடு அதன் சோதனைக் கட்டத்தோடு நின்றுவிட்டது. பெரம்பலூரை அடுத்த குரும்பலூர் ஒரு பேரூராட்சி. ஊரகத்துக்கான அத்திட்டம் அதற்குப் பொருந்தாது. நகர்ப்புற நிலங்களுக்கென 2025 பிப்ரவரியில் நக்‌ஷா என்னும் திட்டம் தனியே தொடங்கப்பட்டுள்ளது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலோ, குத்தகைப் பரப்பு 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் ஆண்டுதோறும் ட்ரோன் படம் அளிக்க வேண்டுமென 2021இலேயே விதி திருத்தப்பட்டது.

ஸ்வாமித்வா முறையில் ட்ரோன் பறப்பதற்கு முன் தரையில் சுண்ணாம்புத் தூளால் எல்லைக்கோடு இடுகிறார்கள். அந்தக் கோட்டைத்தான் கருவி சில சென்டிமீட்டர் துல்லியத்தோடு பதிகிறது. கோடு யார் முன்னிலையில், யார் சொல்லி இடப்பட்டது என்பதே நம் கேள்வி. உரியவர் போட்ட வேலியும் ஆக்கிரமித்தவர் போட்ட வேலியும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீர் 1891இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. குரும்பலூர் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அதுவும் அதே மாகாணம்தான். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் அதே வகுப்பினருக்கே விற்கலாம், மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். இந்த நிலங்களை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

நிபந்தனை என்பது பதிவேட்டில் இருக்கும் எழுத்து. மண்ணில் அதற்கு அடையாளம் கிடையாது. அந்த எழுத்தும் நிலைத்திருக்கவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் மறுபதிவில் பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டு, அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கே பட்டா ஏறியது என்பது தலித் அமைப்புகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. அந்தப் பதிவேட்டை அடிப்படையாக வைத்துப் புதிய வரைபடம் வரைந்தால், பழைய பிழை கூடுதல் துல்லியத்தோடு நிலைபெறும். ட்ரோனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே அளவையர் ஊருக்கு வருமுன் யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய புல எண்ணுக்கு நேரே குறிப்புப் பத்தியில் ‘டி.சி.’ என்றிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த நகலை இணைத்து எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.